எட்டு மணிக்கு அடைக்கும் கதவு

ஏழு ஐம்பத்தெட்டு.
கணினியை அணைத்துவிட்டுப் பேனாக்களை எண்ணினேன்
(எங்களிடமிருந்து ஜனங்கள் இலவசமாகக் கொண்டுபோவது
அது ஒன்றுதான்).
சாவியைக் கையில் எடுக்கும்போது வந்தார்கள்
இரண்டு பேர்.
ஒருவன் தன் சட்டையைக் கழற்றி
மற்றவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தான்.
அது என்ன நிறச் சட்டை என்று
இனி யாரும் சொல்ல முடியாது.

பெயர்? வில்மர் இஷ்கோய்.
வயது? இருபத்தாறு.
எங்கே நடந்தது?
அவன் சொன்ன தெரு என் திரையில் இல்லை,
சுவரில் தொங்கும் வரைபடத்திலும் இல்லை.
போன வசந்தத்தில் அங்கே முயல்கள் ஓடின.
இப்போது நாற்பது வீடு.
நாற்பத்தோராவதின் கூரைத் தகடு
இவன் கையைத் திறந்திருக்கிறது.

நெவாடாவின் வடகோடியில் எங்கள் ஊர்.
சுரங்கம் கொழுத்தால் ஊரும் கொழுக்கும்.
எல்லையில் நிற்கும் மக்கள்தொகைப் பலகையை
இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள்.
டயர்க்கடை நான்கு, காபிக்கடை ஆறு.
எலும்பு டாக்டர் மட்டும் செவ்வாய்க்குச் செவ்வாய்
குட்டி விமானத்தில் வருவார்,
காற்று விட்டால்.

லொரேய்ன் சட்டையை விலக்கிப் பார்த்தாள்.
"விரலை மடக்கு."
மூன்று மடங்கின.
இரண்டு, வேறு யாருடையவோ போல
நீட்டிக்கொண்டு நின்றன.
"இங்கே ஆகாது" என்றாள் என் பக்கம் திரும்பி.
இங்கே ஆவது: தொண்டை, காது, சுளுக்கு,
பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் சீட்டு.

"எங்கே போகட்டும்?" என்றான் நண்பன்.
வில்மர் கேட்டது வேறு.
"எவ்வளவு ஆகும்?"

பதினோரு வருடம் இந்த மேசையில்.
ரத்தம் சொட்டச் சொட்ட
அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சூப்பர் மார்க்கெட் பக்கத்தில் புதிதாய் ஒன்று,
சிவப்பு எழுத்து, மீன்தொட்டி, காத்திருக்கவே வேண்டாம்.
பார்க்க எங்கள் தங்கை மாதிரி இருக்கும்.
பில்லைப் பார்த்தால் ராட்சசி.
என் மகன் காதில் போட்டுக்கொண்ட ஒரு பாசிமணியை
அங்கே நாலு நிமிஷத்தில் எடுத்தார்கள்.
நான் இன்னும் மாதாமாதம் கட்டுகிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் பழைய ஆஸ்பத்திரி.
நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.
ஆனால் அங்கே ஒரு படிவம் உண்டு,
கேட்டால்தான் கொடுப்பார்கள்.
இதையெல்லாம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
அதனால் சொல்லவில்லை.
சந்திப்பு அட்டையின் முதுகில் எழுதினேன்:
'அக்கரை. மூன்றாம் ஜன்னல். படிவம் கேள்.'
லொரேய்ன் இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டாள்.
கணக்கில் ஏற்றவில்லை.
கதவை அடைக்கும்போது எட்டு இருபது.

வீட்டில் தட்டுக் கழுவும்போதுதான் உறைத்தது:
பாலம்.
ஊர் வளர்கிறது, பாலத்தை அகலப்படுத்துகிறார்கள்,
எட்டரைக்கு மூடிவிடுகிறார்கள்.
சுற்றிப் போனால் பத்தொன்பது மைல்.
குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
அவர்களுடைய நம்பர் என்னிடம் இல்லை.
நான் அணைத்துவிட்டு வந்த கணினியில் இருந்தது.

மறுநாள் சுவர் வரைபடத்தின் மேல்
அந்தத் தெருவைப் பேனாவால் இழுத்தேன்.
பாலத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு
'எட்டரை' என்று எழுதினேன்.
மேலாளர் பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறது என்றார்.
அசிங்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை,
அவனே வந்தான்.
விரல் மடங்குகிறதா என்று நான் கேட்கவில்லை,
மேசையில் கிடந்த பேனாவை
அந்தக் கையாலேயே எடுத்தான்,
ஒன்று மட்டும் கொஞ்சம் யோசித்து மடங்கியது.

"தையல் பிரிக்க வேண்டும். எங்கே போகட்டும்?"

"இங்கேதான்" என்றேன்,
பக்கத்து நாற்காலிக் கிழவர் திரும்பிப் பார்க்கும்படி
சத்தமாக.
"அது இங்கேயே ஆகும். உட்கார்."

உட்காரவில்லை.
"எவ்வளவு?" என்றான்.